நாலாம் குழாய்

சம்பா அறுத்த தாள் கெண்டைக்கால் உயரம் நிற்கிறது.
ஏர் படவில்லை.
கண்மாய் மடையை அடைத்துப் பன்னிரண்டு நாள்.
செருப்பைக் கழற்றி மிதித்துப் பார்த்தேன்:
குதிகால் பதிந்தது, மண் கூடவே வரவில்லை.
இன்றைக்கு விட்டால் இறுகிவிடும்.
செம்பனூர்ச் செம்மண் அப்படி,
நேற்று வரை சேறு, நாளைக்கு ஓடு.

சேவுகன் வரப்பில் நின்றார்.
புதுவயல் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர்,
இதற்கென்று ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்.
"கீறிவிட்டுப் போனால் போதுமா, ராக்கு?
புரட்டாத மண்ணில் பயறு எப்படி மூச்சுவிடும்?"
"நெல்வேர் போட்ட வழியெல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது,
உளுந்து அதில் இறங்கிக்கொள்ளும்" என்றேன்.
அந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது.

பதினெட்டுக் கிலோ உளுந்து,
கஞ்சியில் பிசறி நிழலில் உலர்த்தியது,
பெட்டிக்குள் கொட்டும்போது
தகரக் கூரையில் முதல் மழையின் சத்தம்.

ஒன்பது கொழு. ஒன்பது நெளிகுழாய்.
தாள்களுக்கிடையே கத்தி நுழைய
விரல்கடை அளவு வாய் திறந்து
வாங்கி மூடிக்கொள்கிறது மண்.
திரும்பிப் பார்த்தால்
எதுவுமே நடக்காத வயல்.
டிராக்டர் சத்தம் கேட்டு வந்த கொக்குகள்
நாலைந்து சுற்று என் பின்னால் நடந்தன.
ஒரு புழுவும் புரளவில்லை.
கண்மாய்க்கே பறந்துவிட்டன.

முடித்தபோது பெட்டியில் இரண்டு கிலோ மிச்சம்.
"மெஷின் சிக்கனமானது" என்றேன்.
துணிப்பையில் வாங்கிக்கொண்டு
ஏதோ முணுமுணுத்தார். வகுத்திருப்பார்.
பணம் முளைத்த பிறகு என்று பேச்சு.

ஏழாம் நாள் போன்.
"வந்து பார்."

வகிடெடுத்த தலைபோல வரிசைகள்,
இரட்டை இலை விரித்து.
பத்து வரிசை, ஒரு வெறுமை.
ஆறு வரிசை, ஒரு வெறுமை.
மறுபடி பத்து, மறுபடி ஆறு,
அந்தக் கடைசிப் பனை வரை.

"எலி என்று நினைத்தேன்" என்றார் சேவுகன்.
"எலிக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.
இது நீ போனதும் வந்ததும்.
போகும்போது இடமிருந்து நாலாவது,
வரும்போது வலமிருந்து நாலாவது."

ஆயிரத்து எண்ணூறில் ஒன்பதில் ஒன்று, இருநூறு.
பதினெட்டுக் கிலோவில் ஒன்பதில் ஒன்று, அந்தத் துணிப்பை.
ஆயிரத்து அறுநூறை எண்ணிக் கொடுத்துத்
துண்டுச்சீட்டில் என் கையெழுத்தும் வாங்கினார்.
கோபம் இல்லை அவருக்கு.
கணக்கு நேரானதில் முகம் தெளிந்துகூட இருந்தது.

கல்லலுக்கு வந்து, கொட்டகையில்,
நாலாம் குழாயைக் கழற்றிக் கம்பி விட்டேன்.
முட்டியது.
தட்டினால் உள்ளங்கையில் விழுந்தது
குளவி பூசிய மண் அறை, சுண்டுவிரல் பருமன்.
விளிம்பு உடைந்த இடத்தில்
மயங்கிக் கிடக்கும் பச்சைப் புழுக்கள் நாலு.
ஒன்றின்மேல் வெள்ளையாய் ஒரு புள்ளி,
உளுந்தைவிடச் சிறியது.

எவளோ எனக்கு முந்தி
இந்தக் குழாயில் விதைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.
ஆழம் சரி. அடியுரம்கூட வைத்து
வாயைப் பூசி மூடியிருக்கிறாள்.
அவளுக்கு யார் இருநூறு பிடிப்பது?
மூடியொன்றில் வைத்து ஜன்னலில் ஏற்றினேன்,
பிழைக்குமோ என்னவோ.
மற்ற எட்டுக் குழாயிலும் ஊதிப் பார்த்தேன்.
எட்டும் ஊளையிட்டன.

மாசியில் அந்தப் பக்கம் போனேன்.
உளுந்து தரையை மூடியிருந்தது.
மூடாத கீற்றுகளில்
அறுத்த சம்பாத் தாளே துளிர்த்து ஒரு சாண்,
யாரும் போடாத பச்சை.
அந்தக் கீற்றில் கால் வைத்துக்
களை பிடுங்கிக்கொண்டிருந்தார் சேவுகன்,
ஒரு செடியும் மிதிபடாமல்.

"அடுத்த தையில்," நிமிராமலே சொன்னார்,
"நாலாம் குழாயை அடைத்தே கொண்டு வா.
வாடகை மட்டும்
எட்டுக்குத்தான்."